பின்தங்கியது கருவி, பிறந்தது இசை!

உள்ளங்கையில் அடங்கும் ஒரு பெட்டி. அதன் எதிரே "அம்மா" என்று சொல்லுங்கள். "அம்மா, அம்மா" என்று ஓயாமல் திருப்பிச் சொல்லும்! குமிழைத் திருகிக் கூட்டினால் வேகம் கூடும். குரல் கீச்சென்று ஆகிவிடும். குறைத்தால் நாடகத்து அரக்கன் குரல்தான்!

இதன் பெயர் சாம்ப்ளர். புதுமை இசை அமைப்பவர்களின் கருவி.

முன்பு இதற்கு ஒலிப்பதிவு நாடாதான். அதை வெட்டி, இரு முனைகளையும் ஒட்டி, வளையம் ஆக்குவார்கள். வளையம் சுற்றச் சுற்ற, அதே ஒலி மறுபடியும் வரும்.

1964-ம் ஆண்டு, அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோ நகரம். யூனியன் சதுக்கத்தில் ஒரு போதகர் நோவா காலத்துப் பெருவெள்ளத்தைப் பற்றி முழங்கிக்கொண்டு இருந்தார். ஸ்டீவ் ரைஷ் என்ற வாலிபர் அதைப் பதிவு செய்தார்.

பிறகு, மழை வரப்போகிறது என்று போதகர் சொன்ன இடத்தை மட்டும் இரண்டு வளையங்கள் ஆக்கி, இரண்டு கருவிகளில் ஓடவிட்டார். சாதாரணக் கருவிகள்! சேர்ந்து புறப்பட்டன. ஆனால், ஒன்று மெல்லப் பின்தங்கியது. முதலில் குரல் அதிர்ந்தது. அப்புறம் எதிரொலி கேட்டது. கடைசியில் இரண்டு பேர் மாறி மாறிக் கூவுவது போல் ஆகிவிட்டது!

வேறு ஒருவராக இருந்தால் கருவியை ரிப்பேருக்கு அனுப்பியிருப்பார். ரைஷ் காது கொடுத்துக் கேட்டார். 1965-ல் அதையே இசை ஆக்கினார்.

இன்று இரண்டு சாம்ப்ளர் பெட்டிகளில் ஒரே சொல்லைப் பதிந்து ஓடவிடுங்கள். ஒன்றின் குமிழை மயிரிழை அளவு திருப்பினால் போதும்.