உங்களுக்குத் தெரியுமா? தபாலில் சென்ற பரிசோதனை
2020 ஏப்ரலில், கொரோனா அச்சம் அமெரிக்க ஜனங்களை வீட்டுக்குள் அடைத்துவிட்ட வேளையில், வசதியற்ற பெண்களுக்கென அந்நாட்டு அரசாங்கம் நடத்திவரும் திட்டத்தில் மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனைகள் முந்தைய ஐந்தாண்டுகளின் ஏப்ரல் மாதச் சராசரியைவிட 87 சதவீதமும், கருப்பைவாய்ப் பரிசோதனைகள் 84 சதவீதமும் குறைந்துபோயின. கிருமிக்கு அஞ்சிக் கதவடைத்த வீட்டுக்குள்ளும் புற்று வளர்ந்துகொண்டுதானே இருந்திருக்கும் என்று எண்ணுகையில் மனம் பதைக்கிறது.

ஆயினும், பெருங்குடல் புற்றுநோய் விஷயத்தில் சமுதாய சுகாதார நிலையங்கள் சிலவற்றுக்கு முன்பே பழகிய மார்க்கம் ஒன்று கைகொடுத்தது: மலத்தில் கண்ணுக்குப் புலப்படாத இரத்தம் கலந்திருக்கிறதா என்று காட்டும் சோதனைப் பொட்டலத்தை அவை தபாலிலேயே அனுப்பின. சிறு குச்சியால் மலத்தைத் தொட்டெடுத்து, குப்பிக்குள் செருகி இறுக மூடி, தேதியெழுதி, உறையிலிட்டுத் திருப்பியனுப்பினால் போதும். இரத்தம் தென்பட்டவர்கள் மாத்திரமே குடலைக் குழாய்க் கருவியால் சோதித்துக்கொள்ள ஆஸ்பத்திரிப் படியேற வேண்டியிருந்தது.