நகர முதல்வர் தேர்தலும் எமது வாக்கும்

2025ஆம் ஆண்டு செப்ரெம்பர் 14ஆம் நாள் பீலெஃபெல்ட் மக்கள் தமது நகர முதல்வரைத் தெரிவு செய்ய வாக்களித்தனர். எவருக்கும் அரைவாசிக்கு மேற்பட்ட வாக்குகள் கிடைக்காமையால், முதலிரு இடங்களைப் பெற்றோரிடையே செப்ரெம்பர் 28ஆம் நாள் இரண்டாம் சுற்று வாக்கெடுப்பு நடைபெற்றது. அதில் சமூக ஜனநாயகக் கட்சியின் இங்கோ நூர்ன்பேர்கரை வென்று, கிறிஸ்தவ ஜனநாயக ஒன்றியத்தின் கிறிஸ்தியானா பவர் தெரிவானார். 2009 முதல் பதவி வகித்த பிற் கிளவுசன் மீண்டும் போட்டியிடவில்லை.

இது யேர்மனியரின் விடயம், எமக்கென்ன என்று எம்மவருள் சிலர் எண்ணக்கூடும். அவ்வெண்ணம் சரியானதன்று. நகர முதல்வரே மாநகர சபைக்குத் தலைமை தாங்குபவர். நகர நிர்வாகத்தின் தலைவரும் அவரே. எமது வதிவிட அனுமதியை நீடிக்கும் வெளிநாட்டவர் அலுவலகம், பிரஜாவுரிமை விண்ணப்பத்தை ஏற்கும் அலுவலகம், சமூகநல அலுவலகம், சிறுவர் நல அலுவலகம் ஆகிய யாவும் அந்த நிர்வாகத்தின் கீழ் இயங்குகின்றன. அகதித் தஞ்சம் வழங்குவதா மறுப்பதா என்று தீர்மானிப்பது கூட்டாட்சி அலுவலகமாகும். அச்சட்டத்தை நகர முதல்வரால் மாற்றவியலாது. ஆயினும் அலுவலகத்தில் எத்தனை பேர் பணிபுரிகின்றனர், வரிசையில் நிற்பவர் எவ்வாறு நடத்தப்படுகிறார் என்பன நகரின் பொறுப்பேயாகும்.

இந்நகரில் இப்பதவிக்கு மக்கள் நேரடியாக வாக்களிக்கும் முறை நெடுங்காலமாக இருந்ததன்று. 1946இல் பிரித்தானிய ஆட்சியாளர் ஏற்படுத்திய முறைப்படி, சபை உறுப்பினர்களே முதல்வரைத் தெரிவு செய்தனர். அவர் ஊதியமற்ற கௌரவத் தலைவர். நிர்வாகத்தையோ வேறொரு தலைமை அதிகாரி நடத்தினார். நோர்த்ரைன் வெஸ்ற்பாலியா மாநிலம் 1994இல் சட்டத்தைத் திருத்தி இரு பொறுப்புகளையும் ஒன்றாக்கியது. 1999 செப்ரெம்பர் 12ஆம் நாள் மாநிலமெங்கும் முதலாவது நேரடித் தேர்தல் நடந்தது. பீலெஃபெல்ட்டில் எபர்ஹார்ட் டேவிட் தெரிவானார்.

அதே 1999இல் அமெரிக்காவின் சிக்காகோ நகரிலும் ஒரு புதுமை நிகழ்ந்தது. வாக்குச்சீட்டில் கட்சியின் பெயரே இல்லாத நகர முதல்வர் தேர்தல் அங்கு முதன்முறையாக நடைபெற்றது. பாதிக்கு மேல் வாக்குப் பெறாவிடின் முதலிருவர் மீண்டும் மோதுவர். 2023இல் பதவியிலிருந்த லோறி லைற்பூட் இரண்டாம் சுற்றுக்கே தெரிவாகவில்லை. ஏப்ரல் 4ஆம் நாள் போல் வல்லாசை வென்று பிரண்டன் ஜோன்சன் பதவி பெற்றார். பீலெஃபெல்ட் வாக்குச்சீட்டிலோ வேட்பாளர் பெயருடன் கட்சியின் பெயரும் இருக்கும். கட்சி சாராதவரும் போட்டியிடலாம். முறைகள் வேறாயினும் ஒரு கருத்து பொதுவானது: நகரத்தின் தலைவரைக் கட்சித் தலைமையன்று, மக்களே தெரிவு செய்கின்றனர்.

இந்த உரிமையின் பெறுமதியை எம்மைவிட நன்கறிந்தவர் எவர்? யாழ்ப்பாணத்தின் முதல்வர் அல்பிரட் துரையப்பா 1975 யூலை 27ஆம் நாள் சுட்டுக் கொல்லப்பட்டார். 1998 மே 17ஆம் நாள் முதல்வர் சரோஜினி யோகேஸ்வரன் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர்பின் வந்த பொன். சிவபாலன் அதே ஆண்டு செப்ரெம்பரில் குண்டுவெடிப்பில் மாண்டார். நகர முதல்வரின் கதிரை உயிருக்கு உலையாகிய ஊரிலிருந்து வந்தோர் நாம். தேர்தல் என்றதும் ஒதுங்கி நிற்கும் பழக்கம் எம்முள் தங்கியிருப்பின் அதற்குக் காரணமுண்டு. ஆனால் தோற்றவர் மறுநாள் வென்றவருக்குக் கைகொடுத்து வாழ்த்தும் ஊரில், அந்த அச்சத்தைப் பிள்ளைகளுக்கு முதுசமாக விட்டுச் செல்லத் தேவையில்லை.

வாக்களிக்க உரியோர் யாவர்? இந்நகரில் வதியும் யேர்மன் பிரஜைகளும் ஏனைய ஐரோப்பிய ஒன்றிய நாட்டுப் பிரஜைகளும், 16 வயது நிரம்பியிருப்பின் வாக்களிக்கலாம். பிரான்ஸ் அல்லது நெதர்லாந்துக் கடவுச்சீட்டுடன் இங்கு குடியேறிய எம்மவருக்கும் இவ்வுரிமை உண்டு. இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்போருக்கும், பிரஜாவுரிமை பெறாத அகதிகளுக்கும், எத்தனை ஆண்டுகள் வரி செலுத்தியிருப்பினும் இல்லை. வெளிநாட்டவருக்கு உள்ளூர் வாக்குரிமை வழங்க இரு மாநிலங்கள் முயன்றபோது, கூட்டாட்சி அரசியலமைப்பு நீதிமன்றம் 1990 ஒக்ரோபர் 31ஆம் நாள் அதனைத் தடுத்தது.

எனினும் வழி அடைபட்டுவிடவில்லை. குடியேறியோருக்கான ஆலோசனை அமைப்பு ஒன்று நகரில் உண்டு. அதற்கான வாக்கைப் பிற நாட்டவரும், பிரஜாவுரிமை பெற்றவர்களும் அளிக்கலாம். தஞ்சக் கோரிக்கை முடிவாகாதோர் மட்டும் காத்திருக்க வேண்டும். 2024 யூன் 27 முதல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, ஏனைய நிபந்தனைகள் நிறைவேறின் ஐந்து ஆண்டு வதிவின் பின் பிரஜாவுரிமை கோரலாம். முந்தைய பிரஜாவுரிமையைத் துறக்கும்படி யேர்மன் சட்டம் இப்போது கோருவதில்லை.

பிரஜாவுரிமை பெற்றவர் தனியாகப் பதிவு செய்ய வேண்டியதில்லை. பதிவு முகவரிக்கு அறிவித்தல் அட்டை தானாகவே வந்து சேரும். அன்று வேலையெனில் தபால்மூலம் வாக்களிக்கலாம். பயணத்திற்கு மட்டும் கடவுச்சீட்டை எடுத்து, வாக்கு அட்டையை மேசை லாச்சிக்குள் போட்டுவிடுவோமாயின், அரைவாசி உரிமையையே பெற்றவராவோம்.

அடுத்த நகர முதல்வர் தேர்தல் 2030இல் வரும். அதற்கு முன்னர் உரியோர் விண்ணப்பிக்கட்டும். வீட்டில் 16 வயதை எட்டும் பிள்ளைகளுடன் பெற்றோர் இதுபற்றிப் பேசட்டும். எந்தக் கட்சிக்கு என்பது அவரவர் விருப்பம். வாக்களிப்பது எம் அனைவரதும் கடமை.