கரையில் ஒரு குரல்

ராணிப்பேட்டையில் உட்கார்ந்துகொண்டு சமுத்திரத்தைப் பற்றி எழுதுவது சிலருக்கு விநோதமாகத் தோன்றலாம். டேனரிகளும், சிப்காட்டின் புகைபோக்கிகளும், வருஷத்தில் பெரும்பகுதி வெறும் மணலாகவே கிடக்கிற பாலாறும்தான் இந்த ஊரின் அடையாளம். ஆனாலும் மழைக்காலத்தில் நீர் கண்டு ஓடும் அதே பாலாறு கடைசியில் கல்பாக்கத்துக்குப் பக்கத்தில், வாயலூர் அருகே, கடலில்தான் போய்ச் சேர்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் நம் ஊர்ச் சந்தையில் ஐஸ் கட்டிகளுக்கு நடுவே மின்னுகிற சங்கராவும் வஞ்சிரமும் அந்தக் கடலிலிருந்துதான் வருகின்றன. மீனை விலை பேசி வாங்குகிற நாம், அதைப் பிடித்தவனுடைய ஜீவனத்தைப் பற்றி விசாரிப்பது அபூர்வம்.

உழவன் தன் நிலத்தை நின்று பார்க்கலாம். நெசவாளி தறியில் எத்தனை முழம் ஏறியிருக்கிறது என்று எண்ணிச் சொல்லலாம். மீனவனோ, கடனுக்கு டீசல் போட்டுக்கொண்டு விடியுமுன் ஃபைபர் படகைத் தள்ளும்போது, முக்கியமான மூன்று விஷயங்களை அறியாதவனாகவே புறப்படுகிறான்: இன்றைக்குக் கடல் எப்படியிருக்கும், மீன் எந்தப் பக்கம் நிற்கிறது, பிடித்த மீனுக்குக் கரையில் என்ன விலை கிடைக்கும். முதலாவதைப் பற்றி அவனுக்குப் பரம்பரை ஞானம் உண்டு. வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றுக்குப் பெயரிட்டு, நீரின் நிறத்தையும் ஓட்டத்தின் திசையையும் நட்சத்திரத்தின் எழுச்சியையும் பார்த்துக் கணக்கிடுகிற அந்த ஞானத்தை அற்பமாக எண்ணுவது மடமை. ஆனால் இருநூறு மைல் தள்ளி உருவாகிக்கொண்டிருக்கும் புயல் அந்தக் கணக்குக்குள் வருவதில்லை. மூன்றாவது விஷயத்திலோ பரம்பரை ஞானமும் கைகொடுக்காது. வியாபாரி சொன்னதே விலை.

இந்த மூன்றாவது அறியாமையின் கிரயம் எவ்வளவு என்பதை ராபர்ட் ஜென்சன் என்ற பொருளாதார அறிஞர் வடகேரளத்தில் ஆராய்ந்து 2007ஆம் ஆண்டில் வெளியிட்டார். 1997 ஜனவரி 14ஆம் தேதி காலை, வடகரை என்ற ஊரின் கரையில் பதினொரு மீனவர்கள் வாங்க ஆளில்லாமல் மத்தி மீனைக் கொட்டிவிட இருந்தார்கள். அதே வேளையில் பதினைந்து கிலோமீட்டருக்குள் இருந்த வேறு சந்தைகளில் இருபத்தேழு பேர் வாங்க மீனில்லாமல் காத்திருந்தார்கள். கைப்பேசிக் கோபுரங்கள் அந்தக் கரையை எட்டியபின், படகிலிருந்தபடியே நாலு ஊர் விலையைக் கேட்டறிந்து எங்கே கரையேறுவது என்று மீனவர்கள் தீர்மானிக்கலாயினர். மீனைக் கொட்டுவது ஏறக்குறைய நின்றுபோயிற்று. மீனவரின் லாபம் எட்டு சதவிகிதம் உயர்ந்தது. வாங்கி உண்பவர் கொடுத்த விலையோ நாலு சதவிகிதம் குறைந்தது. விற்றவனுக்கும் வாங்கியவனுக்கும் ஒருங்கே லாபம் என்பது வியாபார உலகில் அடிக்கடி கேட்கிற சங்கதியா என்ன!

கைப்பேசி ஏழையின் சட்டைப்பைக்குள் வந்து சேர்வதற்குப் பல வருஷங்கள் முன்பே, இந்தக் காரியத்தை வேறு வழியில் செய்து பார்க்கும் முயற்சி நம் பக்கத்துப் புதுச்சேரியில் ஆரம்பமாயிற்று. கும்பகோணத்தில் பிறந்து, பசுமைப் புரட்சியால் உலகப் பிரசித்தி பெற்ற எம்.எஸ்.சுவாமிநாதன் 1988இல் சென்னையில் நிறுவிய ஆராய்ச்சி நிறுவனம், கனடா தேசத்துச் சர்வதேச வளர்ச்சி ஆராய்ச்சி மையத்தின் பொருளுதவியுடன், 1998இல் புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்களைத் திறக்கத் தொடங்கியது. வில்லியனூரில் தலைமை நிலையம். எம்பலம், வீராம்பட்டினம் முதலிய கிராமங்களில் கிளைகள். தொலைபேசிக் கம்பியை நம்பமுடியாத காலமாகையால், போலீஸ்காரர்கள் வைத்துப் பேசுவது போன்ற வானொலிக் கருவிகளைக் கம்ப்யூட்டருடன் இணைத்து, மின்சாரம் நின்றுவிடும் நேரங்களுக்காகக் கூரையில் சூரியத் தகடுகளையும் பொருத்தினார்கள்.

இயந்திரங்களைக் காட்டிலும் மெச்சத்தக்கவை, அவற்றை வைக்க விதித்த நிபந்தனைகள். இடம் கிராமத்தார் கொடுக்கவேண்டும். அது பொது இடமாக இருக்கவேண்டும். எந்த ஜாதியாரும் தடையின்றி உள்ளே வரவேண்டும். மையத்தை நடத்துகிறவர்கள் உள்ளூர்க்காரர்களாக, பெரும்பாலும் பெண்களாக, இருக்கவேண்டும். எம்பலத்தில் கோயிலைச் சேர்ந்த கட்டடத்திலேயே கம்ப்யூட்டர் அமர்ந்தது. தெருவுக்குத் தெரு எல்லை வகுத்து வாழ்ந்த ஊர்களில், சேரியிலிருந்து வந்த பெண்ணும் ஊர்த்தெருப் பெண்ணும் ஒரே பெஞ்சியில் உட்கார்ந்து ஒரே திரையைப் பார்ப்பதற்கு, எந்தச் சட்டமும் செய்யாத வேலையை அந்த நிபந்தனை செய்தது என்பது என் அபிப்பிராயம்.

ஜனங்களுக்கு என்ன வேண்டும் என்று முதலில் வீடு வீடாகக் கேட்டறிந்தார்கள். விடைகள் மிகச் சாதாரணமானவை. நெல் விலை என்ன, உரம் எங்கே கிடைக்கும், முதியோர் உதவித்தொகைக்கு யாரிடம் மனுக் கொடுப்பது, மாட்டு வைத்தியர் எங்கே இருக்கிறார், பரீட்சை முடிவு எப்போது வரும். அவற்றையெல்லாம் வில்லியனூரில் திரட்டித் தமிழில் எழுதிக் கிளைகளுக்கு அனுப்பினார்கள். 'நம்ம ஊரு செய்தி' என்று சிறு பத்திரிகை ஒன்றும் வெளியாயிற்று.

வீராம்பட்டினத்தின் தேவை மட்டும் வேறாக இருந்தது. அரிக்கமேட்டுக்கு அண்டையில், ஒருகாலத்தில் ரோமாபுரியோடு வாணிபம் செய்த துறையின் ஓரத்தில் இருக்கிற ஊர் அது. பிரெஞ்சுக்காரர் ஆண்ட நாளில் கவர்னர் வந்து வடம் பிடித்த செங்கழுநீர் அம்மன் தேர்த் திருவிழாவுக்கு, ஆடி மாதத்தில் இன்றைக்கும் புதுச்சேரியே திரண்டு போகிறது. அங்கே கேட்டது ஒன்றே: நாளைக்கு அலை எவ்வளவு உயரம்? அமெரிக்கக் கடற்படையார் தங்கள் யுத்தக் கப்பல்களின் உபயோகத்துக்காகக் கணித்து இணையத்தில் வெளியிட்டு வந்த வங்கக் கடலின் அலை உயரத்தையும் காற்றின் போக்கையும் வில்லியனூரில் இறக்கித் தமிழில் பேசி அனுப்ப, வீராம்பட்டினத்தில் உயரக் கட்டிய கூம்பு ஒலிபெருக்கிகள் அதைக் கடற்கரை முழுதும் முழங்கின. வலையைச் செப்பனிட்டுக்கொண்டிருந்தவரும், மீன் கூடையை இறக்கி வைத்த பெண்ணும், எழுத்து வாசனை இல்லாத கிழவரும் ஒரே நேரத்தில் அதைக் கேட்டனர். வல்லரசு ஒன்றின் போர்க்கப்பலுக்கான கணக்கு, கட்டுமரக்காரருக்குப் பிரயோஜனப்பட்டதை எண்ணினால் சற்றுச் சிரிப்பாகவும் இருக்கிறது.

இவ்விதம் ஆறேழு வருஷம் சென்றபின் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. 2004 டிசம்பர் 26. சுமத்ராவின் அருகே நம் நேரப்படி காலை ஆறரை மணிக்குப் பூமி அதிர்ந்தது. இந்து மகாசமுத்திரத்துக்கென்று எச்சரிக்கை ஸ்தாபனம் ஏதும் அப்போது இல்லை. கரையில் இருந்தவர்களுக்கு விஷயம் தெரிய இரண்டு மணி நேரத்துக்கு மேல் அவகாசம் இருந்தும் சொல்வாரில்லை. புதுச்சேரிக்குத் தெற்கேயுள்ள நல்லவாடு என்ற மீனவ கிராமத்தின் இளைஞர் ஒருவர் சிங்கப்பூரில் வேலை பார்த்துவந்தார். முன்பு ஊரிலிருந்தபோது அங்கிருந்த தகவல் மையத்தில் தொண்டராக இருந்தவர். தொலைக்காட்சியில் செய்தியைக் கண்டு அவர் வீட்டுக்குப் பேசினார். தங்கை எடுத்து, கடல் தண்ணீர் ஊருக்குள் வருகிறது என்றாள். உடனே ஓடுங்கள், ஊராருக்கும் சொல்லுங்கள் என்றார் அவர். ஊரார் மையத்தின் பூட்டை உடைத்து உள்ளே புகுந்து, அன்றாடம் அலை உயரம் சொல்லிவந்த அதே ஒலிபெருக்கியில் எச்சரிக்கை செய்தார்கள். சுமார் நூற்றைம்பது வீடுகளும் இருநூறு படகுகளும் போயின. மூவாயிரத்து ஐந்நூறுக்கு மேற்பட்டோர் வாழ்ந்த அந்த ஊரில் உயிர்ச்சேதம் இல்லை.

இதில் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. அன்று அந்த அறையிலிருந்த கம்ப்யூட்டரை யாரும் தொடவில்லை. பயன்பட்டவை மூன்று: தெரிந்தவரின் குரல், ஊரெங்கும் கேட்கிற ஒலிபெருக்கிக் குழாய், அந்தக் குழாயில் வருவது மெய்யாக இருக்கும் என்று வருஷக்கணக்கில் ஊறிப்போயிருந்த நம்பிக்கை. முந்திய நூற்றுக்கணக்கான மாலைகளில் அலை உயரத்தைச் சரியாகச் சொல்லாத ஒலிபெருக்கி அன்று காலை 'ஓடுங்கள்' என்று கத்தியிருந்தால், எத்தனை பேர் ஓடியிருப்பார்கள்?

இந்த முயற்சி அதற்குள் வேறு கரைகளுக்கும் பரவத் தொடங்கியிருந்தது. இஸ்ரோவின் செயற்கைக்கோள் இணைப்புடன் கூடிய கிராம வள மையங்களை 2004 அக்டோபர் 18ஆம் தேதி பிரதமர் மன்மோகன் சிங் துவக்கிவைத்தபோது, முதலில் இணைந்த மூன்றில் ஒன்று ராமேசுவரம் தீவிலுள்ள தங்கச்சிமடம். மீன் எங்கே நிற்கிறது என்ற இரண்டாவது கேள்விக்கு விடை ஐதராபாத்திலிருந்து வருகிறது: இன்காய்ஸ் எனப்படும் தேசியக் கடல் தகவல் மையம், செயற்கைக்கோள் காட்டுகிற நீரின் வெப்பத்தையும் பச்சையத்தையும் கொண்டு, நுண்ணுயிர்ப் பாசி செழித்த இடத்தில் சிறுமீனும் அதைத் தேடிப் பெருமீனும் கூடும் என்ற நியாயப்படி, இன்ன துறையிலிருந்து இன்ன திசையில் இத்தனை தூரம், இத்தனை ஆழம் என்று அறிவிக்கிறது. மேகம் மூடிய நாளில் செயற்கைக்கோளின் கண் மறைந்துபோகும். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்கே போவதில்லை. இருந்தாலும், மீன் தேடி அலைவதில் தீர்ந்துபோகிற டீசலில் ஒரு பங்கு மிச்சப்படுவது ஏழைக்குச் சிறு விஷயமன்று. பின்னர் இவையெல்லாம் சுவாமிநாதன் நிறுவனத்தாரின் 'மீனவர் நண்பன்' செயலியாகக் கைப்பேசிக்குள் புகுந்தன. சந்தை விலையோடு, பாக் நீரிணையில் சர்வதேச எல்லைக்கோட்டை நெருங்கும்போது எச்சரிக்கும் வசதியும் அதில் உண்டு. அந்தக் கோட்டைத் தெரியாமல் தாண்டிப் படகையும் பறிகொடுத்துச் சிறையும் புகுந்தவர்களின் வீடுகளில் அதன் அருமையைக் கேட்கவேண்டும். பாம்பனில் 2016 முதல் 'கடல் ஓசை' என்ற சமுதாய வானொலி, 90.4 அலைவரிசையில், மீனவருக்காக மீனவர் பேச்சிலேயே ஒலிக்கிறது.

இத்தனையும் இருந்தும் ஒக்கி புயல் வந்தது. 2017 நவம்பர் 29ஆம் தேதி காற்றழுத்தத் தாழ்வாக இருந்தது, மறுநாள் கன்னியாகுமரிக்குத் தெற்கே புயலாக மாறிவிட்டது. கடலுக்குப் போகவேண்டாம் என்ற அறிவிப்பு கரையில் இருந்தவர்களுக்கு. குமரிக் கரையின் தூத்தூர் வட்டாரத்துக் கடலோடிகளோ பல நாள் முன்பே புறப்பட்டு, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அப்பால் தங்கி மீன் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கைப்பேசி கரையோரத்தைத் தாண்டினால் ஊமை. படகிலுள்ள வானொலிக் கருவியும் வெகுதூரம் எட்டாது. குமரி, திருவனந்தபுரம் கரைகளில் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் ஆண்மக்களை இழந்தன. அதன் பின்னர் 2019 அக்டோபரில் இன்காய்ஸ் 'ஜெமினி' என்ற சிறு கருவியை வெளியிட்டது. அது செயற்கைக்கோளிலிருந்து எச்சரிக்கையைப் பெற்றுப் படகிலுள்ள கைப்பேசித் திரையில் காட்டும். படகிலிருந்து ஒரு சொல்லையும் திருப்பி அனுப்பாது.

கரையை விட்டு நம் ஊருக்கு ஒரு கணம் திரும்புகிறேன். தோல் தொழில் வட்டாரத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமல் போயிற்று என்ற ஆராய்ச்சிக் குறிப்பு, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் அளித்த தீர்ப்பில் அச்சாகியிருக்கிறது. ராணிப்பேட்டையில் மூடிக் கிடக்கும் குரோமிய ஆலையின் கழிவுக் குவியலைப் பற்றியும் அதன் அடியிலுள்ள நிலத்தடி நீரைப் பற்றியும் ஆராய்ச்சிக்குக் குறைவில்லை. ஆனால் அந்தத் தாள்களில் உள்ளதைப் பொருள் விளங்கும் தமிழில், இன்ன தெருக் கிணறு குடிக்கலாம், இன்னது துணி துவைக்க மட்டும் என்று, நாள்தோறும் சொல்லுகிற ஒரு குழாய் பாலாற்றங்கரையில் எந்த மரத்திலும் கட்டப்படவில்லை. நல்லவாட்டுக் கம்ப்யூட்டருக்கு ஆன செலவில் ஒரு பகுதி போதும். அதைப் படித்துச் சொல்ல ஊர்ப்பெண் ஒருத்தி வேண்டும், அவளிடம் வந்து எதிர்க்கேள்வி கேட்க ஊராருக்கு இடம் வேண்டும்.

கேள்வி கேட்கிற அந்த இடம்தான் கடலுக்குள்ளும் இப்போது மெல்ல உண்டாகி வருகிறது. 2024 ஆகஸ்டு 30ஆம் தேதி மகாராஷ்டிரத்துப் பால்கரில் பிரதமர் துவக்கிவைத்த திட்டத்தின்படி, இஸ்ரோ உருவாக்கிய கருவி ஒரு லட்சம் படகுகளில் பொருத்தப்படவேண்டும். அதில் செய்தி இரு திசையிலும் செல்லும்: கரை புயலைச் சொல்லலாம், படகு தன் ஆபத்தைச் சொல்லலாம். எத்தனை படகில் ஏறிற்று என்று கணக்கெடுப்பதோடு அதிகாரிகள் நின்றுவிடாமல், நடுக்கடலிலிருந்து ஒருவன் அந்தப் பொத்தானை அழுத்தும்போது கரையில் எந்த அறையில், எவர், எந்தப் பாஷையில் பதில் சொல்கிறார் என்பதையும் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.