மெல்லிழையின் கணக்கு

பழவேற்காடு ஏரியின் சராசரி ஆழம் ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். பல இடங்களில் ஆள் இறங்கி நடந்துவிடலாம். ஆழ்கடலில் விடும் வலை பெரும்பாலும் தண்ணீரோடு மல்லுக்கட்டினால் போதும். இங்கே விடும் வலைக்குச் சேறு, கிளிஞ்சல் ஓடு, ஆளிப் படுகை, நண்டின் கொடுக்கு எல்லாமே எதிரி. கரையேறினால் வெயில் காத்திருக்கிறது. இத்தனையும் தெரிந்தேதான் மீனவர்கள் மெல்லிய வலையைத் தேடி வாங்குகிறார்கள்.

அதற்குக் காரணம் இருக்கிறது. மெல்லிய இழை மீனின் கண்ணில் எளிதில் படாது. விறைத்து நிற்காமல் வளைந்து கொடுப்பதால், செவுள் மாட்டிய மடவையும் கிழங்கானும் திமிறத் திமிற மேலும் சிக்கிக்கொள்ளும். வலை இழுக்கும் தோளுக்கும் சுமை குறைவு. சின்னப் படகில் கூடுதல் நீளம் வலை ஏற்றலாம்.

பருத்தி வலைக் காலத்தில் இந்த வாய்ப்பே இல்லை. நனைந்தால் பருத்தி நூலின் வலு கூடும். ஆனால் நீரிலுள்ள நுண்ணுயிரிகள் அதன் செல்லுலோஸைத் தின்று மக்கவைத்துவிடும். அதனால் மரப்பட்டையைக் காய்ச்சிய துவர்ப்புச் சாயத்தில் வலையை முக்கியெடுப்பதும், ஓயாமல் உலர்த்துவதும் ஒரு தனி வேலையாகவே இருந்தது. 1935-இல் அமெரிக்காவின் டூபாண்ட் ஆய்வுக்கூடத்தில் வாலஸ் கரோதர்ஸ் குழு நைலானை உருவாக்கியது. 1938-இல் ஜெர்மனியின் பால் ஷ்லாக் நைலான்-6 என்ற இன்னொரு வகையைக் கண்டார். நம் வலைகளில் பெரும்பாலும் இருப்பது இதுதான். 1957-இல் கொச்சியில் தொடங்கப்பட்ட மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் செயற்கை இழை வலைகளை ஆராய்ந்து நாட்டில் பரப்பியது. நைலான் நனைந்தால் பத்து, பதினைந்து சதவீத வலுவை இழக்கும், ஆனால் மக்காது. அந்த ஒரு குணத்துக்காகவே பருத்தி விடைபெற்றது.

இழையின் பருமனை 'டெனியர்' என்ற அளவில் சொல்வார்கள். 9,000 மீட்டர் இழை எத்தனை கிராம் இருக்கிறதோ அத்தனை டெனியர். வலைக்கடைகளில் புழங்கும் அடிப்படை நூல் 210 டெனியர். பல நுண்ணிழைகள் சேர்ந்த அந்த நூலில் இரண்டு, மூன்று, அதற்கு மேலும் சேர்த்து முறுக்கி வலை நூல் ஆக்குகிறார்கள். மீனவர் 'நரம்பு வலை' என்று சொல்வது வேறு. அது பல இழை முறுக்கிய நூல் இல்லை, கண்ணாடி போன்ற ஒற்றை இழை. 0.16 மில்லிமீட்டர் தடிமனுள்ள நரம்பின் எடையைக் கணக்கிட்டால் அதுவும் கிட்டத்தட்ட 206 டெனியர் வருகிறது. எடை ஏறக்குறைய ஒன்றுதான்; நடத்தை முற்றிலும் வேறு.

இழையின் வலு அதன் குறுக்குப் பரப்பைப் பொறுத்தது. உராய்வும் வெயிலின் புற ஊதாக் கதிரும் தாக்குவதோ முதலில் அதன் மேற்பரப்பை. 0.16 மில்லிமீட்டர் நரம்பின் மேல் சுற்றிலும் 0.01 மில்லிமீட்டர் கெட்டுப்போனதாக வைத்துக்கொள்வோம். குறுக்குப் பரப்பில் சுமார் 23 சதவீதம் போய்விடும். 0.32 மில்லிமீட்டர் நரம்புக்கும் அதே சேதம் நேர்ந்தால் இழப்பு 12 சதவீதம்தான். ஆனால் பின்னதன் எடை நான்கு மடங்கு. இழை மெலிய மெலிய அது தோலும் எலும்புமாகிவிடுகிறது. தோலில் பட்ட காயம் நேரே எலும்பைத் தொடுகிறது. விலையும் எடையும் பார்த்து வலை வாங்கும்போது இந்தக் கணக்கை யாரும் எடுத்துச் சொல்வதில்லை என்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

முறுக்கு நூல் தேய்ந்தால் வெளிப்புற நுண்ணிழைகள் அறுந்து பிசிறு நிற்கும். தடவிப் பார்த்தாலே தெரியும். நரம்பில் அப்படி முன்னறிவிப்புக் கிடையாது. ஓட்டில் உரசி ஒரு கீறல் விழுந்தால், அடுத்த இழுப்பில் அந்த இடத்திலேயே தெறிக்கும். வழுக்கும் இழையில் முடிச்சு நிற்பதும் கடினம் என்பதால் பொத்துவது பெரும்பாடு. முறுக்கு நூல் வலையில் கிழிந்த கண்ணியை வலை ஊசியால் மறுபடி மறுபடி பின்னிச் சேர்க்கலாம்.

மலையேறுவோர் தூக்கிச் செல்லும் கூடாரத் துணியிலும் இதே இழுபறிதான். எடை குறைப்பதற்காக 20, 15, சில வேளை 10 டெனியர் நூலில்கூட நெய்கிறார்கள். கிழிசல் ஓடிவிடாமலிருக்கக் கட்டம் கட்டமாகத் தடித்த நூலை இடையிடுவார்கள். சிலிக்கான் பூச்சுப் பூசினால் நூல்கள் சற்று நகர்ந்து, கிழியும் முனையில் ஒன்றுதிரண்டு இழுவையைத் தாங்கும். நூல்களை இறுக்கி ஒட்டிவிடும் பாலியூரித்தேன் பூச்சில் ஒவ்வொரு நூலும் தனியாக நின்று அறும். வெயிலிலிருந்து தப்ப மட்டும் மெல்லிய நைலானுக்கு நிழலைத் தவிர வழி குறைவு. கரையில் குவித்த நரம்பு வலைமேல் ஒரு பழைய சாக்கை விரித்து மூடுவது எடையே கூட்டாமல் ஆயுளைக் கூட்டும்.

கோட்டைக்குப்பம், ஆண்டிகுப்பம், நடுவூர்மாதாகுப்பம் ஆகிய ஊர்களில் 'பாடு' என்ற பழைய ஏற்பாடு உண்டு. இறால் பிடிக்கும் இடங்களில் எந்த நாள் யார் வலை கட்டுவது என்பதை முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்வார்கள். கம்பு நட்டுக் கட்டும் வலை நீரோட்டத்தின் அழுத்தம் முழுவதையும் தாங்கி நிற்கவேண்டும். முறை வந்த நாளில் அது கிழிந்தால் அந்த முறையே போயிற்று. அங்கே கனமான முறுக்கு நூலுக்குத்தான் மதிப்பு. எடை குறைந்ததால் வரும் லாபம் அங்கே பொருளற்றது.

மெல்லிய வலைக்கு இன்னொரு செலவும் இருக்கிறது. வலை என்ற வகையில் சீக்கிரம் செத்துப்போகும் நைலான், குப்பை என்ற வகையில் நெடுங்காலம் கிடக்கும். அறுந்து ஏரிக்குள் போன துண்டுகள் ஆளில்லாமலே நண்டையும் மீனையும் பிடித்துக்கொண்டிருக்கும். இலங்கையில் 'தங்கூசி வலை' எனப்படும் ஒற்றை இழை வலையைச் சட்டமே தடைசெய்திருக்கிறது. தடையைவிடப் பழைய வலையைத் திரும்ப வாங்கும் ஏற்பாடு இங்கே பயன் தரும் என்று நினைக்கிறேன். நைலான்-6 அதற்கு ஏற்ற பொருள். வேதிமுறையில் பிரித்து, அது எந்த மூலப்பொருளிலிருந்து வந்ததோ அந்தக் கேப்ரோலாக்டமாகவே மீட்டு, மறுபடி புது இழை இழுக்கலாம். அதற்கு முன் மிதவையையும் ஈயக்குண்டையும் வேறு பிளாஸ்டிக்கில் ஆன கயிற்றையும் கையால் அறுத்துப் பிரித்தெடுக்க வேண்டும். அந்த வேலைக்குக் கூலி வைத்துத்தான் பழைய வலையின் விலையைக் கணக்கிட வேண்டும்.