உங்களுக்குத் தெரியுமா? நெப்போலியனும் காக்கா சூப்பும்

● 1812 ஜூனில் நேமன் ஆற்றைக் கடந்து ரஷ்யாவுக்குள் நுழைந்த நெப்போலியனின் படையில் 4 லட்சம் பேருக்கு மேல் இருந்தார்கள். மாஸ்கோவைப் பிடித்தும் பயனில்லை. நகரம் தீப்பற்றி எரிந்தது, ஐந்தே வாரத்தில் மூட்டை கட்ட வேண்டியதாயிற்று. திரும்பும் வழியில் பசி, பனி, விடாமல் துரத்திய கொசாக் குதிரைப்படை. கேலிச்சித்திரக்காரர்களுக்கு வேறென்ன வேண்டும்?

● இவர்களில் கில்லாடி, பீட்டர்ஸ்பர்க்கின் இவான் தெரெபெனேவ். படித்த தொழில் சிலை வடிப்பது. செப்புத் தகட்டில் படம் பொறித்து, தாளில் அச்சடித்து, கையால் வண்ணம் பூசி விற்றார்கள். அவருடைய ‘காக்கா சூப்’ படத்தில் கந்தல் சீருடை பிரெஞ்சு வீரர்கள் ஒரே ஒரு காக்கையைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். காக்கா பிரியாணி காமெடிக்கு விழுந்து விழுந்து சிரித்த நமக்கு விளக்கம் தேவையில்லை. ஆனால், அந்த வீரர்கள் தங்கள் குதிரைகளையே தின்றார்கள் என்பது நிஜம். அது தெரிந்த பிறகு முழுசாகச் சிரிக்க முடிவதில்லை.

● இன்னொரு படத்தில் ரஷ்யக் குடியானவர் குழல் ஊத, நெப்போலியன் ஆடுகிறார். ஆட்டம் தப்பினால் சாட்டையடி! இதை 1813இல் லண்டன் கேலிச்சித்திரக்காரர் ஜார்ஜ் க்ரூக்‌ஷாங்க் நகலெடுத்தார். ‘ரஷ்யப் படத்தைப் பார்த்து வரைந்தது’ என்று படத்திலேயே குறிப்பிட்டும்விட்டார். வெளியிட்டவர் ஹன்னா ஹம்ப்ரி என்ற பெண்மணி. அவருடைய கடை ஜன்னலில் புதுப் படம் மாட்டினால் வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடும்.

● அதே க்ரூக்‌ஷாங்க்கின் 1812 டிசம்பர் படம் இன்னும் குறும்பு. கழுத்துவரை பனியில் புதைந்த நெப்போலியன், ‘வசதியாகத் தங்கியிருக்கிறோம், வானிலை பிரமாதம்’ என்று அறிக்கை எழுதச் சொல்கிறார். மிகை என்று நினைத்துவிடாதீர்கள். படை அழிந்த கதையை ஒப்புக்கொண்ட அவருடைய 29ஆம் அறிக்கை, பேரரசரின் உடல்நலம் இதைவிட நன்றாக இருந்ததே இல்லை என்றுதான் முடிந்தது!

● தெரெபெனேவின் கேலிப் படங்கள் பால்வெள்ளைக் கண்ணாடித் தம்ளர்களிலும் ஏறின. பிறகு குழந்தைகளுக்கான அரிச்சுவடியாகவும் வந்தன. எழுத்துக்கு ஒரு படம், கூடவே இரண்டடிப் பாட்டு. ரஷ்யப் பிள்ளைகள் எழுத்துக் கூட்டியதே நெப்போலியன் உதை வாங்குவதைப் பார்த்துத்தான். தெரெபெனேவோ 1815 தொடக்கத்தில், 34 வயதிலேயே இறந்துபோனார். அந்த ஆண்டு பிறந்த மகன் அலெக்சாண்டரும் சிற்பிதான். பீட்டர்ஸ்பர்க் ஹெர்மிடாஜ் அருங்காட்சியக முகப்பைத் தோளில் தாங்கி நிற்கும் 10 கருங்கல் ஆட்கள் அவர் கைவண்ணம்.