கொண்டைக்கடலை டம்ளரும் பொடி டப்பாவும்

1987-இல் மதுரையில் நான் சேர்ந்த தேகப்பயிற்சி சாலைக்குத் தகரக் கூரை, மண் தரை. ஒரு மூலையில் கர்லாக்கட்டைகள், இன்னொரு மூலையில் சிமெண்டில் வார்த்த எடைகள், சுவரில் ரசம் போன கண்ணாடி, பக்கத்தில் அனுமார் படம். காலை 5 மணிக்கு உள்ளே நுழைந்தால் வாத்தியார் கேட்கும் முதல் கேள்வி, "வயித்துல என்னடா இருக்கு?" என்பதுதான். "ராத்திரி நல்லா சாப்பிட்டேன் வாத்தியாரே" என்றால் நேரே தண்டாலுக்கு. "ஒண்ணுமில்ல" என்றால் ஆணியில் தொங்கும் வாழைப்பழச் சீப்பைக் காட்டுவார். பழம் தின்று, கால் மணி நேரம் உட்கார்ந்த பிறகுதான் பஸ்கி.

ஜன்னல் திண்டில் வரிசையாக எவர்சில்வர் டம்ளர்கள் இருக்கும். ஒவ்வொன்றிலும் முந்தின நாள் ஊறப்போட்ட ஒரு கைப்பிடி கொண்டைக்கடலை. என் டம்ளரில் அம்மாவின் கல்யாணத் தேதி வெட்டியிருக்கும். சீராக வந்த பாத்திரம். பயிற்சி முடிந்து வேர்வை அடங்குமுன் அந்தக் கடலையை மென்று தீர்க்க வேண்டும். 50 கிராம் கடலையில் ஏறக்குறைய 10 கிராம் புரதம். கூட்டத்தில் பாதிப் பேர் மூட்டை தூக்குகிறவர்கள், கடைச் சிப்பந்திகள். அவர்களுக்கு அன்றைய நாளில் கிடைத்த உருப்படியான புரதம் அநேகமாக அதுதான். வீட்டுக்குப் போனதும் உப்புப் போட்ட நீராகாரம், பழைய சோறு, கையோடு வேலை.

அதற்காக அந்தக் காலமே பொன் என்று சொல்ல வரவில்லை. காசு இருந்தவர்கள் பச்சை முட்டையை உடைத்து அண்ணாந்து விழுங்குவார்கள். பச்சை முட்டையின் புரதத்தில் பாதிதான் உடம்பில் சேரும், வேகவைத்தால் 90 சதவீதம் சேரும் என்று பின்னாளில் படித்தபோது, மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்த முட்டைகள் எல்லாம் கண்முன் வந்து போயின. இன்னொரு கொடுமை தண்ணீர். பயிற்சிக்கு நடுவில் குடித்தால் நெஞ்சை அடைக்கும் என்று ஒரு சொட்டு விடமாட்டார்கள். ஒரு சித்திரை மாதம் அடுத்தடுத்து இரண்டு பேர் சுருண்டு விழுந்தார்கள். அதற்கும் வாழைப்பழம்தான் வைத்தியம். தண்ணீர்ப் பானை அப்போதும் வாசலுக்கு வெளியேதான் இருந்தது.

நீராகாரத்தின் பெருமையை அன்று யாரும் பேசவில்லை. ஆனால் அதற்கு வெகு முன்பே, 1965-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் ராபர்ட் கேட் என்ற மருத்துவர், வெயிலில் ஆடிக் களைத்த அமெரிக்கக் கால்பந்து வீரர்களுக்காகத் தண்ணீரும் உப்பும் சர்க்கரையும் சேர்த்து ஒரு பானம் தயாரித்தார். கேட்டரேட் என்று அது உலகச் சந்தையைப் பிடித்தது. வேர்வையில் போவது நீரும் உப்பும். உழைப்பில் கரைவது மாவுச்சத்து. இழந்ததைத் திருப்பிக் கொடுப்பதுதான் அந்தப் பானத்தின் சூட்சுமம். உப்புப் போட்ட பழையது கிட்டத்தட்ட அந்த வேலையைத்தான் செய்தது.

போன வருடம், டாக்டர் சொன்னதால் மறுபடி ஜிம்மில் சேர்ந்தேன். ஏசி, பாட்டு, ஆளுயரக் கண்ணாடிகள். எடை குறைய வேண்டும் என்று மதியச் சோற்றை நானாகவே நிறுத்தியிருந்தேன். நாலாம் நாள் மாலை, ஸ்குவாட் (நம் பஸ்கியின் அண்ணன்) முடித்து நிமிர்ந்ததும் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. படியில் உட்கார்ந்தேன். பயிற்சியாளர் தம்பி ஓடிவந்து, "சார், ப்ரீ ஒர்க்அவுட் எடுக்கலையா?" என்றான். நல்ல பையன்தான். வயிற்றில் என்ன இருக்கிறது என்று மட்டும் கேட்கவில்லை.

அவன் சொன்ன, பயிற்சிக்கு முன் கலக்கிக் குடிக்கும் ப்ரீ ஒர்க்அவுட் பொடிகள் பலவற்றில் ஒரு கரண்டிக்கு 200 மில்லிகிராம் கஃபீன் இருக்கிறது. இரண்டு மூன்று டம்ளர் ஃபில்டர் காபியை ஒரே மடக்கில் குடித்த மாதிரி. அது களைப்பை மறைக்கும், தீர்க்காது. தசையிலும் ஈரலிலும் கிளைகோஜனாகச் சேர்த்து வைத்த மாவுச்சத்துதான் உடற்பயிற்சியின் விறகு. அதைச் சேர விடாமல் சோறு, இட்லி எல்லாவற்றையும் விலக்கிவிட்டு, புரதப்பொடியை மட்டும் கலக்கிக் குடித்தால் கொத்தனார் இருக்கிறார், சித்தாளுக்குச் சோறில்லை என்ற கதைதான்.

அன்று எங்களுக்குச் சோறு இருந்தது, புரதம் போதவில்லை. இன்று ஒரு கரண்டிப் பொடியில் 24 கிராம் புரதம் வந்துவிடுகிறது. சோற்றைத்தான் பயந்து பயந்து தள்ளுகிறோம். குறை அன்று வறுமையால் வந்தது. இப்போது காசு கட்டி வாங்குகிறோம்.

நான் இப்போது செய்வது இவ்வளவுதான். பயிற்சிக்கு ஒரு மணி நேரம் முன் இரண்டு இட்லி அல்லது ஒரு வாழைப்பழம். நடுநடுவே தண்ணீர். முடிந்ததும் உப்புப் போட்ட மோர், ஒரு மணி நேரத்துக்குள் அவித்த முட்டை இரண்டோடு அளவான சோறு. முட்டை இல்லாத நாளில் சுண்டல். கடைசிச் சுற்று முடிந்ததும் சட்டென்று நின்றுவிடாமல் ஐந்து நிமிடம் மெல்ல நடை. காலில் தேங்கிய ரத்தம் மேலேறாததாலும் தலை சுற்றும். கண்ணை இருட்டும் கதை அதற்குப் பிறகு இல்லை.

இரண்டு விஷயம் மட்டும் கேட்டுக்கொள்கிறேன். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் பயிற்சிக்குப் போகலாமா என்று டாக்டரிடம் கேட்காமல் போகாதீர்கள். அசதிக்கு ரத்தசோகையும் காரணமாக இருக்கலாம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இரண்டு வாரம் ஒழுங்காகச் சாப்பிட்டும் அசதி போகவில்லை என்றால், அடுத்த டப்பாவுக்கு ஆர்டர் போடுவதற்கு முன் ஹீமோகுளோபின் எவ்வளவு என்று பார்த்துவிடுங்கள்.