உலகம் கூடி இழுக்கும் கம்ப்யூட்டர் தேர்!

சுவிட்சர்லாந்தில் ஜெனீவா நகரத்தின் அருகே, பிரான்சு நாட்டு எல்லையில், "செர்ன்" என்ற ஆராய்ச்சிக்கூடம் இருக்கிறது.

அங்கே பூமிக்கு அடியில் சுமார் 100 மீட்டர் ஆழத்தில், வட்டமான சுரங்கப்பாதை ஒன்று உண்டு. அதன் சுற்றளவு 27 கிலோ மீட்டர்!

அது ரெயில் ஓடும் பாதை அல்ல. அணுவுக்குள் இருக்கும் "புரோட்டான்" துகள்கள் ஓடும் பாதை. அவை கூட்டம் கூட்டமாக, கிட்டத்தட்ட ஒளியின் வேகத்தில் எதிர் எதிராக ஓடி வரும். மோதும். சிதறும். அந்தச் சிதறலில் என்ன பிறக்கிறது என்பதைப் பெரிய கருவிகள் பதிவு செய்யும்.

யந்திரம் ஓடும்போது இந்தக் கூட்டங்கள் ஒரு விநாடிக்குச் சுமார் 4 கோடி தடவை ஒன்றை ஒன்று கடக்கின்றன!

எதை வைப்பது? எதைத் தள்ளுவது?

அத்தனையையும் எழுதி வைக்க முடியுமா? முடியாது. எழுதும் வேகம் போதாது. வைக்க இடமும் போதாது. எனவே சல்லடை போட்டுச் சலிக்கிறார்கள்.

தள்ளியது போனதுதான். திரும்பக் கிடைக்காது. அதிலே ஒரு புதிய கண்டுபிடிப்பு இருந்திருந்தால், அதுவும் போயிற்று!

"சி.எம்.எஸ்." என்ற கருவியில், ஒரு விநாடியை 10 லட்சம் கூறு போட்டால் அதில் சுமார் 4 கூறு நேரத்துக்குள் முதல் முடிவு எடுக்கப்படுகிறது.

சாதாரண கம்ப்யூட்டரால் இது ஆகாது. அது எல்லா வேலையும் செய்யும். ஆனால் இவ்வளவு வேகம் வராது. எனவே, "எப்.பி.ஜி.ஏ." என்ற தனிச் சில்லுகளை வைத்திருக்கிறார்கள். ஒரே வேலைக்கு ஏற்றபடி அதன் உள் இணைப்புகளை அமைக்கலாம். வேலை மாறினால் இணைப்புகளையும் மாற்றிக்கொள்ளலாம்.

இந்தச் சல்லடையைத் தாண்டுவது விநாடிக்குச் சுமார் 1 லட்சம்தான்.

அடுத்த சல்லடை, கம்ப்யூட்டர்களின் கூட்டம். 2022-ம் ஆண்டு முதல் அவற்றுக்கு "ஜி.பி.யு." சில்லுகள் துணை நிற்கின்றன. வீடியோ விளையாட்டுப் படங்களுக்காகப் பிறந்த சில்லு இது! வரிசையாக நின்று பல பெண்கள் நாற்று நடுவது போல, ஆயிரக்கணக்கான சிறு கணக்குகளை ஒரே நேரத்தில் போட்டுவிடும்.

முடிவில் மிஞ்சுவது விநாடிக்குச் சில ஆயிரமே.

40 நாடுகள் கைகொடுக்கின்றன

மிஞ்சியதும் மலைபோல் குவிகிறது. செர்ன் மட்டும் அதை ஆராய்ந்து முடிக்க இயலாது. ஆகவே வேலையைப் பங்கிட்டார்கள். 40-க்கும் மேற்பட்ட நாடுகளில் சுமார் 170 கம்ப்யூட்டர் நிலையங்கள் இதில் சேர்ந்திருக்கின்றன. மும்பையும் கொல்கத்தாவும் அவற்றில் உண்டு.

இந்த ஏற்பாட்டுக்குக் "கிரிட்" என்று பெயர். மின்சாரக் கம்பி வலையின் பெயரே இதற்கும் வந்தது. சுவிட்சைப் போட்டால் விளக்கு எரிகிறது. எந்த அணையின் மின்சாரம் என்று யாரும் கேட்பதில்லை. அதுபோலவே, விஞ்ஞானி தம் கணக்கை அனுப்பினால் விடை வரும். எந்த நாட்டுக் கம்ப்யூட்டர் போட்டது என்ற கவலை அவருக்கு இல்லை.

"ஹிக்ஸ்" துகள் கிடைத்த செய்தியை 2012-ம் ஆண்டு ஜூலை 4-ந் தேதி உலகம் அறிந்தது. அதற்குப் பின்னால் இந்தக் கூட்டு உழைப்பு இருந்தது.

இனிதான் சோதனை

யந்திரத்தைப் புதுப்பித்து, 2030-ம் ஆண்டு வாக்கில் இன்னும் பலமாக ஓட்டத் திட்டம் இருக்கிறது. அப்போது கூட்டங்கள் ஒரு தடவை கடக்கும்போதே 140 முதல் 200 மோதல்கள் வரை நடக்கும். திருவிழாக் கூட்டத்தில் ஒரு குழந்தையின் காலடித் தடத்தைத் தேடுவது போன்ற வேலை!

தகவல் பெருகும். பணமும் மின்சாரமும் அந்த அளவுக்குப் பெருகாது.

இன்னொரு சங்கடமும் உண்டு. பல ஆண்டுகளாக எழுதிச் சேர்த்த புரோகிராம்கள் சாதாரண கம்ப்யூட்டர்களுக்கானவை. புதிய சில்லுகளுக்கு ஏற்ப அவற்றைத் திருத்தி எழுத வேண்டும். ஒரு கம்பெனியின் சில்லுக்காக எழுதியது, இன்னொரு கம்பெனியின் சில்லில் அப்படியே ஓடாது. 170 நிலையங்களிலும் ஒரே சில்லு இருக்குமா? இராது.

எனவே, புதிரை ஊர் அறிய வைத்தார்கள். 2018-ம் ஆண்டில் "டிராக்-எம்.எல்." என்ற போட்டி நடந்தது. சிதறிக் கிடக்கும் புள்ளிகளைச் சேர்த்து, துகள்கள் சென்ற பாதைகளைக் கண்டுபிடிக்க வேண்டும். யார் வேண்டுமானாலும் சேரலாம். 600-க்கும் மேற்பட்ட குழுக்கள் களத்தில் இறங்கின. அடுத்த கட்டப் போட்டியில், விடை சரியாக இருந்தால் மட்டும் போதாது. சீக்கிரமாகவும் வரவேண்டும் என்று விதித்தார்கள்.

புதிர் இன்னும் முழுவதும் அவிழவில்லை. தேர் பெரிதாகிறது. வடம் பிடிக்க இன்னும் பல கைகள் வேண்டும்!